குனிந்து வந்த லட்சுமி

அத்தியாயம் 11

போன வாரம் கோட்டைச்சாமியைப் புகழ்ந்து வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. "பெண்டாட்டி படம் வரைவதற்காக நாற்பது நாள் அடுப்பு ஊதிய ஆண்பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான், விலாசம் தாருங்கள்" என்று திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சிவகாசியில்தான் இருக்கிறான் அம்மா. தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சிக்கு மருந்து முக்குகிறான். இந்த வாரத்தைப் படித்து முடித்த பிறகும் விலாசம் வேண்டுமென்றால் எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. கோட்டைச்சாமியின் மனைவி வெள்ளைத்தாய், கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் வெள்ளைத்துரை முதலாளியின் கல்லச்சுப் பிரஸ்ஸில் கல் தேய்த்தவள். அங்கே படத்தைக் கல்லில் எழுதி, மை ஏற்றி, காகிதத்தில் எடுப்பார்கள். அச்சாகி முடிந்ததும் அந்தக் கல்லை மணல் போட்டுத் தேய்த்து அடுத்த படத்துக்குத் தயார் செய்ய வேண்டும். தேய்க்கிற கல்லில் இருந்த படங்களைப் பார்த்துப் பார்த்தே அவள் வரையக் கற்றுக்கொண்டாள். எழுத்துக் கூட அப்படித்தான். கல்லில் எல்லாம் இடவலம் மாறி இருக்கும் என்பதால், அவளுக்குத் திரும்பிய எழுத்துத்தான் முதலில் பழக்கமானது. நேர் எழுத்து பிறகு வந்தது.

இப்போது வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிறாள். ஒட்டிய நேரம் போக வரைகிறாள். வரைந்ததை அவள் தம்பி சீனிச்சாமி பிரஸ்ஸுக்குக் கொண்டு போவான். அவன் அங்கே கல்லில் படம் எழுதுகிறவன். ஏழு வருஷத்தில் வெடிக்கட்டுக்கும் தீப்பெட்டிக்கும் அவள் வரைந்து கொடுத்த கிளிக்கும் புலிக்கும் அளவே இல்லை. அவையெல்லாம் சீனிச்சாமி வரைந்தவை என்றுதான் முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார். லேபிளில் யார் பேரும் போடுவதில்லை. அதனால் அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

இந்த வருஷம் முதலாளிக்குக் காலண்டர் போடும் ஆசை வந்தது. காலண்டர் படத்தின் கீழே வரைந்தவர் பேர் வரும்.

"ஒன் பேரத்தான்க்கா எழுதுவேன். என் கையாலயே கல்லுல எழுதுவேன். பேரோட படத்தப் பாத்து முதலாளி மலைச்சுப் போகணும்" என்று சீனிச்சாமி அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

அவள் லட்சுமியை வரைந்தாள். தாமரையில் நிற்கிற லட்சுமி இல்லை. தாழ்வான ஓலைவீட்டு வாசலில், கிரீடம் இடித்துவிடாமல் குனிந்து உள்ளே வருகிற லட்சுமி. வெள்ளைத்தாய் கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் நுழைந்தபோது நிலைப்படி நெற்றியில் இடித்துவிடாமல் கோட்டைச்சாமி தன் உள்ளங்கையைக் குறுக்கே வைத்தானே, அந்த வாசல்தான். நாற்பது நாள் வரைந்தாள். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும்.

இனி ஆடிப் பதினெட்டு.

அன்றைக்குத்தான் சிவகாசிப் பிரஸ்களில் புதுக் காலண்டரின் சாம்பிளைச் சுவரில் மாட்டிப் பூஜை போடுவார்கள். வெளியூர் வியாபாரிகள் வந்து பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள்.

"எம்புட்டு நேரந்தான் தலை சீவுவ? லட்சுமி படத்துல இருக்கா. நீ எதுக்குச் சிங்காரிக்கிற?" என்றான் கோட்டைச்சாமி.

"என் பேரு மொதத் தடவையா அச்சுல வருதுங்க. எண்ணெ வடியிற மூஞ்சியோட போயி நிக்கவா?"

அவன் சிரித்துக்கொண்டே சைக்கிள் கேரியரில் பழைய சேலையை நாலாக மடித்துக் கட்டினான். தெருமுனையில் நிறுத்தி ரெண்டு முழம் முல்லைப்பூ வாங்கினான். "தலையில வச்சுக்க. பெரிய மனுசி மாதிரி இரு" என்றான். அவளுக்குச் சிரிப்பும் வெட்கமுமாக வந்தது. இப்படி ஒரு ஆளைக் கட்டிக்கொள்ள என்ன புண்ணியம் செய்தோமோ என்று வழி நெடுக நினைத்துக்கொண்டே போனாள்.

பிரஸ் வாசலில் இறங்கியதும், "நீங்களும் வாங்க" என்றாள்.

"மருந்து நாத்தத்தோட முதலாளி முன்னால வந்து நிக்கவா? நீ போயிட்டு வா. டயர்ல காத்து நிக்க மாட்டேங்குது. அந்த வேப்பமரத்தடியில பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவள் உள்ளே போனாள்.

கூடத்தில் ஏழெட்டு வியாபாரிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில், பூச்சரத்துக்கு நடுவே அவளுடைய லட்சுமி தொங்கினாள்.

எட்டு வர்ணத்தில் அதைப் பார்த்ததும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. காகிதத்தில் அவள் வைத்த மஞ்சள், அச்சில் அந்தி வெயில் மாதிரி வந்திருந்தது. வாசலைப் பிடித்துக்கொண்டு குனிகிற லட்சுமியின் கை, தீப்பெட்டி ஒட்டுகிற பெண்களின் கை மாதிரி காய்த்துப் போன கை. அதை அவள் வேண்டுமென்றேதான் அப்படி வரைந்திருந்தாள். ஒன்றும் விட்டுப் போகவில்லை. சீனிச்சாமி கல்லில் அச்சு அசலாக எழுதியிருந்தான். தம்பியை நினைத்து அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஆசையாகக் கீழ் ஓரத்தைப் பார்த்தாள்.

'சீனிச்சாமி, சிவகாசி' என்று இருந்தது.

வேறு ஏதாவது படமாக இருக்குமோ என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு நொடி மற்ற சுவரையெல்லாம் பார்த்தாள். அந்தக் கூடத்தில் ஒரே ஒரு லட்சுமிதான் இருந்தாள்.

"வா தாயி, வா!" என்று வெள்ளைத்துரை முதலாளி அவளைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "ஒன் தம்பி செஞ்சிருக்கத பாத்தியா? இந்தப் பிரஸ்ஸுல கல்லு தேச்ச பிள்ளை நீ. ஒன் கூடப் பெறந்தவன் இம்புட்டுப் பெரிய ஆளா வருவான்னு நெனச்சியா?"

அவள் பதில் சொல்வதற்குள் ஒரு கோழிக்கோட்டு வியாபாரி, "எல்லா லட்சுமியும் விறைச்சுக்கிட்டுத்தானே நிக்கும். இது எப்படித் தோணுச்சு தம்பி?" என்று கேட்டார்.

கூடத்தின் மறுகோடியில் பட்டு அங்கவஸ்திரத்தோடு நின்ற சீனிச்சாமி அக்கா வந்ததைக் கவனிக்கவில்லை. சொன்னான். "எங்க அக்கா கல்யாணமாகிப் போன வீட்டு வாசல் ரொம்பத் தாழ்வுங்க. மொத நாளு அவ குனிஞ்சு போறதப் பாத்தேன். லட்சுமி நம்ம வீட்டுக்கு வந்தாலும் இப்படிக் குனிஞ்சுதான வரணும்னு அப்பத் தோணுச்சு."

அவள் அவனிடம் சொன்ன அதே வார்த்தைகள். 'நான்' என்றதை 'அக்கா' என்றது தவிர ஒன்றைக் கூட அவன் மாற்றவில்லை. படத்தை எடுத்துக்கொண்டது போதாதென்று அவள் நினைப்பையும் எடுத்துத் தன் நினைப்பாக விற்றுக்கொண்டிருந்தான். வியாபாரிகள் கைதட்டினார்கள். அப்போதுதான் அவன் கண்ணில் அக்கா பட்டாள். அவன் முகம் செத்துவிட்டது.

கூட்டத்திலிருந்து நழுவி வந்து, காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்த தாழ்வாரத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு போனான்.

"அக்கா, கோவிச்சுக்காதக்கா. நான் ஒன் பேரத்தான் எழுதுனேன். சத்தியமா எழுதுனேன். முதலாளி பாத்துட்டு, பொம்பளப் பேரு வேண்டாம், சுரண்டிட்டு ஒன் பேரப் போடுன்னுட்டாக. முந்தாநேத்து சாயங்காலந்தான். அழுதுக்கிட்டேதான்க்கா சுரண்டுனேன்."

சொல்லிக்கொண்டே உண்மையாகவே அழுதான். இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளை அங்கவஸ்திரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதால் எந்த அக்காவுக்குத்தான் மனசு இளகாது? வெள்ளைத்தாய்க்கும் இளகிவிட்டது. தன் வருத்தத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அவன் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதலே. நீ என்ன பண்ணுவ? ஆனா அந்த மனுசன் இப்ப என்கிட்ட என்ன நடிப்பு நடிச்சாரு பாத்தியா? ஒண்ணுந் தெரியாதவரு கணக்கா, 'ஒன் தம்பி பெரிய ஆளாயிட்டான்'ங்காரு. இரு, நேரா போயி ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வாரேன்."

"வேண்டாங்க்கா!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "ஆவணியில கல்யாணத்த வச்சுக்கிட்டு என் வேலைக்கு ஒலை வச்சிராத. அச்சங்குளத்துக்காரக காலண்டர் போடுற மாப்பிள்ளைன்னுதான் பொண்ணு குடுக்காக. ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். பெண் பார்த்துப் பேசி முடித்தவளே அவள்தானே.

"சரி, நீ போ. வந்தவுகள கவனி. நான் மூஞ்சி கழுவிட்டு வாரேன்."

கல் தேய்க்கிற முற்றத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஆறு வருஷம் அவள் நின்று தேய்த்த இடம். இன்றைக்கு வேலை கிடையாது. பூஜைக்காக எட்டுக் கல்லையும் கழுவி, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, சுவரோரமாக வரிசையாகச் சாத்தியிருந்தார்கள். வர்ணத்துக்கு ஒரு கல். ஆர்டர் வந்த பிறகு இவற்றை வைத்துத்தான் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கப் போகிறார்கள்.

முகம் கழுவிய கையோடு அவள் கடைசிக் கல்லின் முன்னால் உட்கார்ந்தாள். அது கறுப்பு வர்ணக் கல். எழுத்தெல்லாம் அதில்தான் இருக்கும்.

எதற்காகப் போனாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தன் பேர் ஒரு நாளாவது அங்கே இருந்ததல்லவா? அழிந்த இடத்தையாவது ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் போனாள். அவ்வளவு அப்பாவி.

ஈரக் கையால் மூலையைத் துடைத்தாள். தம்பியின் பேர் இடவலம் மாறித் தெளிவாக இருந்தது. அதன் மேல் ஆள்காட்டி விரலை வைத்து மெல்லத் தடவிக்கொண்டு போனாள். மறுபடியும் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் முறையும் தடவினாள்.

கல்லில் எழுதியதைக் கத்தியால் சுரண்டினால் அந்த இடம் கொஞ்சமாவது பள்ளம் விழும். கண்ணுக்குத் தெரியாது, கல் தேய்த்தவள் விரலுக்குத் தெரியும். மணல் போட்டு ஏற்படுத்திய சொரசொரப்பும் போய் வழுவழுவென்று ஆகிவிடும். அதன் மேல் திரும்ப எழுதினால் எழுத்து உடைந்து உடைந்துதான் விழும்.

இங்கே பள்ளம் இல்லை. சொரசொரப்பு அப்படியே இருந்தது. எழுத்து ஒரு இடத்தில் கூட உடையவில்லை.

அவள் பேரை யாரும் அழிக்கவில்லை. எழுதினால்தானே அழிப்பதற்கு?

"அக்கா, அங்கன என்ன பண்ற?" என்று சீனிச்சாமியின் குரல் பின்னால் கேட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "இங்கனதான் சுரண்டுனியா?"

"ஆமாக்கா."

"எத வச்சுச் சுரண்டுன?"

"கத்திய வச்சுத்தான்."

"கையக் கொண்டா."

அவன் விரலைப் பிடித்துக் கல்லின் மேல் வைத்தாள். அவனும் கல்லோடு பிழைக்கிறவன்தான். வைத்ததுமே புரிந்துவிட்டது. விரலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் விடவில்லை.

"பள்ளம் எங்கனலே?"

அவன் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"முதலாளி ஒண்ணும் சொல்லல. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. பாவம், அந்த மனுசன மனசுக்குள்ள எம்புட்டு வைஞ்சேன்!" என்று அவள் அவன் விரலை விட்டாள். "பேரு போடாம விட்டது கூடப் பரவால்லடா. அழுதியே, அது எதுக்கு? நான் வேற ஒன் கண்ணத் தொடச்சு விட்டேன்."

"அக்கா..."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன். ஒன் கல்யாணத்துக்குன்னு சொல்லிக் கேட்டிருந்தா, 'ஒன் பேரையே போட்டுக்கலே'ன்னு நானே சொல்லியிருப்பேன். நீ கேக்கல. நீயா முடிவு பண்ணிட்டியே."

சீனிச்சாமி தலையைக் குனிந்துகொண்டு, "என்னைய மட்டும் கேக்காதக்கா" என்றான்.

"வேற யாரக் கேக்க?"

அதற்குள் கூடத்திலிருந்து, "சீனி! எங்கப்பா போயிட்ட? மாலை போடணும், வா!" என்று முதலாளி கூப்பிட்டார். அவன் தப்பித்தோம் என்று ஓடினான்.

வெள்ளைத்தாய் எழுந்து முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அவள் இன்னும் அழவில்லை. கோட்டைச்சாமியிடம் போய்ச் சொல்லி அழலாம் என்று இருந்தாள். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பின்வாசல் வழியாக வெளியே வந்து வேப்பமரத்தடிக்கு நடந்தாள்.

கோட்டைச்சாமி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்து டயரை மாட்டிக்கொண்டிருந்தான். அவள் வருவதைப் பார்த்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தான். முகத்தைப் பார்த்தான். பக்கத்தில் வந்து தோளைத் தட்டிக் கொடுத்தான்.

"விடு புள்ள. மனசப் போட்டு அலட்டிக்காத. யாரு பேரு இருந்தா என்ன? தம்பி பேருன்னா நம்ம பேருதான்."

எவ்வளவு ஆதரவான வார்த்தை! ஓவென்று அழுதுவிடத்தான் வாயைத் திறந்தாள். அழுகை வரவில்லை.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே" என்றாள்.

"என்னது?"

"தம்பி பேரு இருக்குன்னு நான் சொல்லலையே. நீங்க உள்ளயும் வரல. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

கோட்டைச்சாமி சைக்கிள் பக்கம் திரும்பிப் பெடலைச் சுற்றினான். "அது... ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுல்ல."

"என் மூஞ்சியில 'சீனிச்சாமி'ன்னு எழுதியிருக்கா?"

அவள் கையை நீட்டிச் சுற்றுகிற சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"கண்ட கண்ட கடையிலயும் தொங்கும் புள்ள" என்றான் அவன் கடைசியில். குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. "சவரக் கடை, பீடிக் கடைன்னு எல்லாம் மாட்டுவான். வாரவன் போறவன் எல்லாம் என் பொண்டாட்டி பேர எழுத்துக் கூட்டி வாசிப்பான். கம்பெனியில என்னைய என்ன பேசுவாகன்னு ரோசிச்சியா? நான்தான் சீனிகிட்டச் சொன்னேன். அவனும், கல்யாண நேரத்துல தன் பேரு வந்தா நல்லதுதான்னான்."

"எப்பச் சொன்னீக?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"எப்பச் சொன்னீகன்னு கேக்கேன்."

"பங்குனிப் பொங்கலப்ப."

அவள் படத்தைத் தொடங்கியது அதற்கு அடுத்த மாதம், சித்திரையில்.

"அப்ப அந்த நாப்பது நாளும் ஒங்களுக்குத் தெரியும்" என்றாள். "சோறு பொங்கி எடுத்துட்டு வந்து, 'நீ வரை புள்ள, நான் பாத்துக்கிடுதேன்'னு சொன்னீகளே, அப்பவும் தெரியும். இன்னைக்குக் காலம்பற பூ வாங்கிக் குடுத்தீகளே, அப்பவும் தெரியும்."

"நீ எம்புட்டு ஆசையா வரைஞ்ச! கெடுக்க மனசு வரல. சொல்லியிருந்தா நீ தூரிகையக் கீழ வச்சிருப்பன்னு சீனி பயந்தான். ஒன் நல்லதுக்குத்தான் புள்ள..."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. அடித்து மிதிக்கிற புருஷனாக இருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு ஆறிப் போகலாம். இவன் அன்பாகத்தான் இருந்தான், நாற்பது நாளும். அந்த அன்பில் எது தனக்கு, எது தான் வரைந்து முடிக்க வேண்டும் என்பதற்கு என்று இனி எந்த நாளில் பிரித்துப் பார்ப்பது? தம்பி செய்த துரோகம் கல்லில் விரல் வைத்ததும் தெரிந்துவிட்டது. இதற்கு விரல் வைத்துப் பார்க்க எந்த இடமும் இல்லை.

"வா, ஏறு. வீட்டுக்குப் போயிப் பேசிக்கிடுவோம்" என்று கோட்டைச்சாமி சைக்கிளை நிமிர்த்தினான்.

அவள் ஏறவில்லை. திரும்பிப் பிரஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.

"ஏ புள்ள! எங்க போற? அவன் கல்யாணத்த நெனச்சுப் பாரு! ஏ வெள்ளைத்தாயி!"

நினைத்துக்கொண்டுதான் நடந்தாள். அச்சங்குளத்துப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. தட்டு மாற்றியபோது அந்தப் பெண்ணின் தாயார், "ஒங்கள நம்பித்தான் குடுக்கோம்" என்று இவள் கையைப் பிடித்துச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. நடை ஒரு தரம் தளர்ந்தது. ஆனால் நிற்கவில்லை.

கூடத்தில் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் அவள் வந்து நின்றதை முதலாளிதான் முதலில் பார்த்தார்.

"என்ன தாயி, போனவ திரும்பி வந்துட்ட? எதையாவது மறந்துட்டியா?"

"ஆமா முதலாளி. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்றாள் வெள்ளைத்தாய்.

வியாபாரிகள் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவே, கழுத்தில் மாலையோடு சீனிச்சாமி உட்கார்ந்திருந்தான்.